பதினோராம் அத்தியாயத்து ஜன்னல்

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று மருத்துவர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இதைப் போனில்தான் சொல்ல நினைத்தேன். "அவரோட புத்தகம்" என்று நான் ஆரம்பித்ததுமே, "டேங்க்ல தண்ணி வழியுது" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா?

இந்த வருடம் பத்தாம் வகுப்பு வாசிப்புக்கு அவருடைய நாவலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மேலிடத்து உத்தரவு. பிள்ளைகள் அதைப் படித்து, தங்கள் கனவு என்ன, தங்கள் நாயகர் யார் என்று கண்டுகொள்ள வேண்டுமாம். அதற்கு நான் உதவ வேண்டுமாம். உன் புருஷனாக இருந்தவர் எழுதிய கதையை உன் தங்கை பாடமாக நடத்த வேண்டும். யார் கையில் எதைக் கொடுத்திருக்கிறார்கள், பார்.

நீ படிக்கவில்லை என்கிறாய். சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழை மெக்கானிக்கின் மகன். பாலம் கட்டும் இன்ஜினியராக வேண்டும் என்பது கனவு. கல்யாணமாகிறது. மனைவிக்குப் பெயர்கூட இல்லை, கடைசிவரை 'அவள்'தான். அவள் அவன் கனவைக் கேலி செய்கிறாள். பதினோராம் அத்தியாயத்தில், தேர்வு நாள் காலையில், அவன் போய்விடக் கூடாதென்று அறையில் வைத்துப் பூட்டுகிறாள். அவன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறான், தேறுகிறான். இது தன் சொந்தக் கதை என்று முன்னுரையில் வேறு எழுதியிருக்கிறார், அதனால் பிள்ளைகள் அவனையும் அவரையும் 'ஜன்னல் அண்ணன்' என்கிறார்கள்.

படித்து முடித்ததுமே, "உங்கள் நாயகர் யார்?" என்று எழுதச் சொன்னேன். அநேகமாக எல்லாரும் ஜன்னல் அண்ணன். சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதி எழுதி எனக்குக் கசந்துபோனது.

உன் வாலு

ஜூலை 6

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு. முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

விடுதியில் இந்த வருடம் கூட்டம் அதிகம். வார்டன் என்றுகூடப் பார்க்காமல் என் அறையிலும் ஒரு பெட்டி வைக்க இடம் கேட்கிறார்கள். புதிதாக வந்த பெண்களில் பாதிப் பேருக்குப் போர்வை மடிக்கத் தெரியவில்லை. அழுகை மட்டும் நன்றாகத் தெரிகிறது. இன்னும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

நீ சொன்ன புத்தகம் இங்கேயும் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் ஒருத்தி, "அந்தப் பொம்பளை மட்டும் என் கையில கிடைச்சா, ஓங்கி ஒண்ணு வைப்பேன்" என்றாள். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். "முதல்ல தட்டுல இருக்கறதைச் சாப்பிட்டு முடி, அப்புறம் யாரை வேணாலும் அடி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பாடத்தைப் பாடமாக நடத்து. வேறொன்றும் விசேஷமில்லை.

உன் அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

எதிரே உட்கார்ந்தவள் அப்படிச் சொல்ல, நீ அவளைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். வாய் மூடாததால் எல்லாரும் 'ரேடியோ' என்பார்கள். அவள் கனவு என்ன தெரியுமா? பூமி அதிர்வதை அளக்கும் வேலை. எங்கே கேள்விப்பட்டாளோ! அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். பத்தாவதோடு போதும், கடைக்கு வந்து பட்டன் தைக்கட்டும் என்கிறாராம். இவள் நாவலில் வரும் ஒரு வரியைத் தன் கட்டிலுக்கு மேலே சுவரில் எழுதி வைத்திருக்கிறாள்: 'கதவு மூடினால் ஜன்னல்.' என்னிடம், "பூட்டட்டும் டீச்சர், நானும் குதிச்சிடுவேன்" என்கிறாள்.

அவள் அப்படிச் சொல்லும்போது எனக்கு அந்தக் காலைதான் கண்ணில் நிற்கிறது. நான் உன் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் தேர்வெழுதக் கிளம்பினார், தெருமுனைவரை போனார், திரும்பி வந்தார். நீ அவரைப் பார்த்ததும் கதவைச் சாத்தித் தாழ்போட்டாய். அவர் வெளியே நின்று தட்டினார்.

"கதவைத் திற. வயித்தை வலிக்குது. அடுத்த வருஷம் எழுதிக்கறேன்."

"எழுதிட்டு வாங்க. அப்புறந்தான் கதவு."

"எனக்கு ஒண்ணுமே வராதுடீ."

"வரும். போங்க."

அவர் செருப்புச் சத்தம் தேயும்வரை நீ கதவில் முதுகைச் சாய்த்து நின்றாய். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "வேடிக்கை என்ன, காலேஜுக்கு நேரமாகலை?" என்றாய்.

வெளியே நிறுத்திப் பூட்டியவளை, உள்ளே வைத்துப் பூட்டியவளாக்கிவிட்டார். அதற்குப் பரிசு, பாராட்டு, இப்போது பாடநூல்.

நவம்பரில் அவர் எங்கள் பள்ளிக்குத் தலைமை விருந்தினராக வருகிறார். என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் ஒரு நாற்காலி. அதில் உட்காருபவர் நாவலில் வரும் ஒருவராக மாறி, 'நான்' என்றே பேச வேண்டும். மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 'தெரியாது' என்று சொல்லக் கூடாது, புத்தகத்தில் இல்லாததையும் சொல்லக் கூடாது. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கப்போகிறேன். விடமாட்டேன் அக்கா.

உன் வாலு

ஆகஸ்ட் 11

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். இருமல் மருந்தைக் குடித்தாயா?

வேண்டாம். நீ இப்படிக் கொதிப்பாய் என்றுதான் டேங்க்கில் தண்ணீர் வழிந்தது.

உனக்குக் கோபம் இருந்தால் நீ போய் அவரைக் கேள். பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டு நீ பின்னால் நிற்காதே. அந்த ரேடியோவுக்கு இப்போது ஒரு ஜன்னல் தேவைப்படுகிறது. அது பொய் ஜன்னலாக இருந்தால் உனக்கென்ன? அவள் தாண்டிப் போகிறவரைக்கும் அதை உடைக்காமல் இரு.

விடுதியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். பிறகு எழுதுகிறேன்.

உன் அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காய்ச்சல்காரப் பெண்கள் தேறினார்களா? மருந்து குடித்தேன்.

நான் யாரையும் முன்னால் தள்ளவில்லை. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒரு பயிற்சி கொடுத்தேன்: நாவலில் வரும் வீட்டை வரையுங்கள். கதவு எங்கே, அடுப்பு எங்கே, கட்டில் எங்கே, எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும், பக்க எண்ணும் போட வேண்டும். எந்த நாவலுக்கும் நான் கொடுக்கிற பயிற்சிதான். சத்தியமாக.

சரி, சத்தியம் வேண்டாம். இந்த நாவலுக்கு அதைக் கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் இனித்தது.

அந்த வீடு அன்று நாம் இருந்த வீடேதான், அக்கா. அப்படியே இருக்கிறது. ஒரே கதவு, ஒரே ஜன்னல். அந்த ஜன்னலில் பெருவிரல் கனத்துக்கு இரும்புக் கம்பிகள். இரண்டாம் அத்தியாயத்தில், கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மழை பார்ப்பதை அவர் உருகி உருகி எழுதியிருக்கிறார். அது நிஜமாகப் பார்த்த மழை, அதனால் கம்பியும் கூடவே வந்துவிட்டது. பதினோராம் அத்தியாயத்தில் பொய் சொல்லும்போது கம்பியை எடுக்க மறந்துவிட்டார். இத்தனை பதிப்பு வந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ரேடியோ கண்ணில் பட்டது. படத்தைச் சுருட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள்.

"டீச்சர், அச்சுல தப்பு விட்டிருக்காங்க. ஜன்னல்ல கம்பி இருக்கு. அண்ணன் எப்படிக் குதிச்சிருப்பாரு?"

"நீ என்ன நினைக்கிற?"

"அண்ணன் தப்பா எழுத மாட்டாரு. அச்சுக்காரங்கதான் எதையோ விட்டுட்டாங்க."

"நவம்பர்ல அவரே வர்றாரு. கேட்டுடு."

அவள் முகம் மலர்ந்துபோனது. அவருக்கு உதவி செய்யப்போவதாக நினைத்துக்கொண்டாள். நான் நாற்காலியில் சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன். வருடக்கணக்கில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

உன் வாலு

அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதிலே இல்லை. கோபமா, முழங்காலா? முழங்கால் என்றால் யாரிடமாவது சொல்லி ஒரு வரி எழுதச் சொல். கோபம் என்றால் நீயே எழுது.

ரேடியோவின் அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டாராம், பரீட்சை முடிந்ததும் கடை என்று. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அண்ணன் வர்றாருல்ல டீச்சர், எப்படிக் குதிக்கறதுன்னு அவர்கிட்டயே கேட்டுக்கறேன்" என்கிறாள். படத்துக்கு வண்ணம் தீட்டியிருக்கிறாள். கம்பிகளுக்குக் கறுப்பு.

உன் வாலு

அக்டோபர் 30

வாலு,

நலம். நீ செய்வதைச் செய்வாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் பெயர் அங்கே வரக் கூடாது. அவ்வளவுதான்.

அக்கா

நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ரொம்ப நலம். உன் பெயரை நான் எடுக்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அரங்கம் நிரம்பியிருந்தது. அவருக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது, குரல் மட்டும் அதே வெண்ணெய்க் குரல். கனவு காணுங்கள் என்று அரை மணி நேரம் பேசினார். என்னை அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியும் நரையும் எனக்கும்தான் வந்துவிட்டனவே. பிறகு நான் எழுந்து நாற்காலி வழக்கத்தைச் சொன்னேன்.

"யாரா உட்காரட்டும்?" என்றார்.

"நாயகனா, சார்."

"அது எனக்கு ரொம்பப் பழகின நாற்காலிதான்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

முதலில் நாலைந்து பூப்போன்ற கேள்விகள். பிறகு ரேடியோ படத்தோடு மேடையேறினாள்.

"அண்ணா, இது உங்க வீடு. சரியா வரைஞ்சிருக்கோமா?"

கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். அவர் முகம் இளகியது. "அட, அப்படியே இருக்கேம்மா."

"இந்த ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே மழை பார்த்தீங்க?"

"ஆமா."

"வீட்டுல வேற ஜன்னல் இல்ல. அப்ப, பதினோராம் அத்தியாயத்துல கம்பி வழியா எப்படி அண்ணா குதிச்சீங்க?"

பின்வரிசையில் ஒருவன், "அண்ணன் அப்ப ஒல்லிடி" என்றான். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்தார். "கம்பி துருப்பிடிச்சுப் போயிருந்ததும்மா."

"எந்தப் பக்கத்துல இருக்கு, அண்ணா?"

"புத்தகத்துல இருக்கணும்! புத்தகத்துல இருக்கணும்!" என்று என் வகுப்பு மொத்தமும் கத்தியது. விதி விதிதானே.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "நீ… வாலுதானே?" என்றார் மெதுவாக. வியர்த்துப்போன அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது.

"நான் உள்ள இல்லம்மா" என்றார் ரேடியோவிடம். "வெளிய நின்னேன். பயந்துபோய்த் திரும்பி வந்துட்டேன். அவங்கதான் தாழ்ப்பாள் போட்டு, எழுதிட்டு வான்னு துரத்தினாங்க. நான் எந்த ஜன்னலும் தாண்டலை." சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு!" என்றார்.

போகும்போது வராந்தாவில் என்னிடம் சொன்னார்: "உங்கக்கா சம்மதம்னு ஒரு வரி எழுதினா, அடுத்த பதிப்புலயே மாத்திடறேன். எத்தனை வருஷமா ஒவ்வொரு புத்தகத்தையும் அனுப்பிட்டிருக்கேன். பிரிச்சாளான்னுகூடத் தெரியலை."

ஜெயித்துவிட்டோம் அக்கா. ஒரு வரி எழுதிவிடு, அச்சிலும் வந்துவிடும்.

உன் வாலு

டிசம்பர் 8

வாலு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க இப்போது மனம் வரவில்லை.

யார் ஜெயித்தது? அழுதது அவர், கைதட்டல் வாங்கியது அவர், பெரிய மனசு அவருக்கு. பொய் சொன்னதற்கு ஒரு தடவை தட்டினார்கள், நிஜம் சொன்னதற்கு இன்னொரு தடவை. இரண்டு தடவையும் நான் அந்த இடத்தில் இல்லை.

நான் பேசாமல் இருந்ததைப் பொறுமை என்று நினைத்தாயா? அவர் அனுப்பிய பார்சல் அத்தனையும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. திருப்பி அனுப்பினால் கோபம் என்று தெரிந்துவிடும், பிரித்துப் படித்தால் என்றாவது திட்டி எழுதிவிடுவேன். இரண்டும் அவருக்கு ஆறுதல். ஒவ்வொரு பேட்டியிலும், 'அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை' என்று சொல்வாராம், இங்கே பெண்கள் படித்துக் காட்டியிருக்கிறார்கள். இருபது வருடமாக நான் அவருக்குக் கொடுத்துவந்த தண்டனை அது ஒன்றுதான். சாப்பிடும்போது, தூங்கும்போது, மேடையில் நிற்கும்போது, அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் அவர் தவிக்க வேண்டும். நீ அரை மணி நேரத்தில் அவர் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாய்.

பொய் எழுதும்போது என்னைக் கேட்டாரா? நிஜம் எழுத மட்டும் என் சம்மதம் வேண்டுமா?

எல்லாரும் கைதட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். ரேடியோ தட்டினாளா? அதை மட்டும் ஏன் எழுதவில்லை?

அக்கா

ஜனவரி 5

அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நான் இருக்கிறேன்.

அவள் தட்டவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். அவர் முகத்தைப் பார்க்கிற அவசரத்தில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் பேசுவதில்லை. "ரேடியோ ரிப்பேர்" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள், இப்போது அவர்களும் விட்டுவிட்டார்கள். சுவரில் எழுதியிருந்ததைக் கரண்டியால் சுரண்டிவிட்டாளாம். நாயகர் யார் என்ற கடைசிக் கட்டுரைக்கு வெறும் தாளைக் கொடுத்தாள். அப்பா கடையைப் பற்றிச் சொன்னபோது, "சரிப்பா" என்றாளாம். அவர் பெருமையாகச் சொன்னார்.

நான் கடைக்குப் போனேன். அவர் கெட்டவரில்லை. "மேல படிக்க வெளியூரு போகணும். பொம்பளைப் பிள்ளையை யாரு கையில விடறது? கண்டிப்பான இடமா, தெரிஞ்சவங்களா இருந்தா யோசிக்கலாம்" என்றார்.

கண்டிப்பான ஆளை எனக்குத் தெரியும். கேட்கும் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

வாலு

ஜனவரி 19

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

அனுப்பி வை. மாடியில், முதல் அறையில் கட்டில் ஒதுக்கிவிட்டேன். இந்த வார்டன் அப்பாக்களையே வாசலோடு நிறுத்துபவள் என்று அவள் அப்பாவிடம் சொல், திருப்திப்படுவார். பூமி அதிர்வைப் பற்றிப் படிக்க என்னென்ன பாடம் எடுக்க வேண்டும் என்று இங்கே கல்லூரிப் பெண்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நாயகன் பொய்யானால் கனவும் பொய்யாகிவிடாது என்பதை நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. போகாமல் திரும்பி வந்தால் துரத்திவிடத் தெரியும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு வரி. நிறைய யோசித்தேன். சம்மதமில்லை. என் சம்மதத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு அவர் மாற்றாமல் இருக்கட்டும். அந்தப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாற வேண்டாம். இரண்டாம் அத்தியாயத்தில் கம்பி இருக்கட்டும், பதினோராம் அத்தியாயத்தில் குதிக்கட்டும். பாடத்தில் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருவார்கள், கம்பியைப் பார்ப்பார்கள் இல்லையா?

உன் கோபத்துக்கு இனிமேல் ரேடியோவை அனுப்பாதே. வேலையை மட்டும் ஒழுங்காகச் செய், போதும்.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ரேடியோவுக்குப் பெட்டி வாங்கியாகிவிட்டது. பரீட்சை முடிந்த மறுவாரம் அழைத்து வருகிறேன். உன்னைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வார்டன் கோபக்காரி என்றேன். "எவ்வளவு கோபம் டீச்சர்? அளந்து பார்க்கலாமா?" என்றாள். நவம்பருக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி.

அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். அக்காவுக்குச் சம்மதமில்லை, காரணம் சொல்லவில்லை என்று இரண்டே வரி.

போன வாரம் தமிழாசிரியர் பயிற்சிக் கூட்டம். இந்த நாவலை நடத்த நல்ல பயிற்சி ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். எழுந்து, நாவலில் வரும் வீட்டை வரையச் சொல்வேன், ஒவ்வொன்றுக்கும் பக்க எண் போடச் சொல்வேன் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர் ஆசிரியை ஒருத்தர் நேற்று போன் செய்தார். அடுத்த மாதம் அவர்கள் பள்ளிக்கு அவர்தான் தலைமை விருந்தினராம். பத்தாவதுக்கு வரப்போகிற பிள்ளைகள் இப்போதே ஆர்வமாக வரைந்துகொண்டிருக்கிறார்களாம், ஜன்னலில் மட்டும் ஏதோ சந்தேகமாம்.

"எழுத்தாளரே வர்றாரு இல்ல, நேரா கேட்டுக்கட்டும்" என்றேன்.

உன் வாலு